ஞானஸ்நானமும் திருமுழுக்கும்: பாப்டிஸ்டு வரலாற்றில் ஒரு சொல்லின் பூசல்



சில ஆண்டுகளுக்கு முன் ஆசிரியர் பயிலரங்கு ஒன்றில் ஓர் ஆசிரியை என்னிடம் ஒரு வினாவை எழுப்பினார். அவருடைய வகுப்பு மாணவி ஒருத்தி, தன் அண்ணன் ஞானஸ்நானம் பெற்ற நாளைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தாள். ஆசிரியை அச்சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 'திருமுழுக்கு' என்று திருத்திக் கொடுத்தார். வடசொல்லை நீக்கித் தமிழ்ச்சொல்லை இட்டதில் தவறேதும் இல்லை என்பது அவர் எண்ணம். மறுநாளே மாணவியின் தாயார் பள்ளிக்கு வந்துவிட்டார். "டீச்சர், அது வேற சபைக்காரங்க சொல்ற சொல்லு. எங்க சபையில அப்படிச் சொல்றதில்ல" என்றாராம். ஒரே சடங்குக்கு இரண்டு பெயர்கள் இருக்கையில், ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை எழுதுவதில் என்ன கேடு என்பதுதான் ஆசிரியையின் வினா.

அன்று நேரம் போதாமையால் சுருக்கமாக ஏதோ விடை கூறினேன். நிறைவான விடை கூற வேண்டுமாயின் நானூறு ஆண்டு வரலாற்றைத் தொட வேண்டும். அவ்வரலாறு ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி, இலண்டன், கல்கத்தா, ரங்கூன், நியூயார்க் எனப் பல நகரங்களைச் சுற்றி வருகிறது. நம் பினாங்கையும் அது ஒருமுறை தொடாமல் தொட்டுச் சென்றது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1. பினாங்குக்கு வர எண்ணியவர்

1812ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் அமெரிக்காவின் சேலம் துறைமுகத்திலிருந்து 'கேரவன்' என்னும் கப்பல் இந்தியாவுக்குப் புறப்பட்டது. அதில் அதோனிராம் ஜட்சன் என்னும் இளம் இறைப்பணியாளரும் அவர் மனைவி ஆன் ஜட்சனும் இருந்தனர். இருவரும் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் காங்கிரிகேஷனல் சபையைச் சேர்ந்தவர்கள். கல்கத்தாவுக்கு அருகே செராம்பூரில் பணியாற்றிய வில்லியம் கேரி முதலியோரோ பாப்டிஸ்டுகள். அவர்களைச் சந்திக்கும்போது தம் சபையின் நிலையை நாட்ட வேண்டுமே என்று எண்ணிய ஜட்சன், கப்பலிலேயே 'பாப்டிசோ' என்னும் கிரேக்க வினைச்சொல்லை ஆராயத் தொடங்கினார். ஆராய்ச்சி அவரை எதிர்க்கரைக்குக் கொண்டு சேர்த்தது. அச்சொல்லுக்கு 'அமிழ்த்துதல்' என்பதே பொருள் என்றும், நம்பிக்கையை வாயால் அறிக்கையிடக்கூடியவர்களுக்கே அச்சடங்கு உரியது என்றும் அவர் முடிவுக்கு வந்தார். ஆன் முதலில் உடன்படவில்லை; பின்னர் தாமும் நூல்களை ஆராய்ந்து அதே முடிவை அடைந்தார். 1812 செப்டம்பர் 6ஆம் நாள் கல்கத்தாவில் வில்லியம் வார்டு இருவருக்கும் நீரில் அமிழ்த்தி ஞானஸ்நானம் கொடுத்தார். அவர்களை அனுப்பிவைத்த சபையோடு இருந்த உறவும் ஊதியமும் அத்துடன் அற்றுப்போயின.

கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களை வங்காளத்தில் தங்கவிடவில்லை. மொரீஷியஸ் தீவுக்குச் சென்று, அங்கிருந்து 1813 ஜூன் மாதம் சென்னைக்கு வந்தார்கள். அவர்கள் நாடியது பினாங்கு. ஆனால் சென்னைத் துறைமுகத்தில் அப்போது கிடைத்த கப்பல் ரங்கூன் செல்லும் 'ஜார்ஜியானா' ஒன்றே. தங்கினால் நாடுகடத்தப்படுவோம் என்ற அச்சத்தில் அதில் ஏறினார்கள். 1813 ஜூலையில் ரங்கூனை அடைந்தார்கள்.

அந்த ஒரு கப்பலால் பர்மா உலகின் பெரிய பாப்டிஸ்டு மக்கள்தொகைகளுள் ஒன்றைப் பெற்றது. பினாங்குக்குப் பாப்டிஸ்டு சபை மிகப் பிந்தியே வந்தது. சீனாவில் கதவு அடைபட்ட பின்னர் தென்கிழக்கு ஆசியாவுக்குத் திரும்பிய அமெரிக்கத் தென்பகுதிப் பாப்டிஸ்டு ஊழியர்களும், அவர்களுக்கு முன்பே இங்கிருந்த சீனப் பாப்டிஸ்டுகளும் இணைந்து 1953இல் மலாயாவில் சபை ஒன்றியத்தை அமைத்தனர். 1954இல் தொடங்கப்பட்ட அவர்களுடைய இறையியல் கல்லூரி இன்றும் பத்து பெரிங்கியில் இயங்குகிறது.

2. பாப்டிஸ்டுகளும் அவர்களுக்குள் எழுந்த பிணக்குகளும்

'பாப்டிஸ்டு' என்பது எதிரிகள் இட்ட பெயர். இவர்களின் தொடக்கம் 1609இல் ஆம்ஸ்டர்டாமில். இங்கிலாந்திலிருந்து தப்பி வந்த ஜான் ஸ்மித் என்பவர், குழந்தைப் பருவத்தில் தாம் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது என்று கருதி, தமக்குத் தாமே மீண்டும் அதைச் செய்துகொண்டார். பிறகு தம் குழுவினர்க்கும் செய்தார். விரைவிலேயே தாம் செய்ததன்மீதும் அவருக்கு ஐயம் எழுந்தது. மென்னோனைட்டுச் சபையில் சேர விண்ணப்பித்தார். அவருடைய தோழர் தாமஸ் ஹெல்விஸ் அதை ஏற்காமல் பிரிந்து, சிறு குழுவோடு தாயகம் திரும்பினார். 1612 வாக்கில் இலண்டனுக்கு அருகே ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் இங்கிலாந்தின் முதல் பாப்டிஸ்டு சபையை நிறுவினார். மனச்சான்றின்மேல் அரசனுக்கு அதிகாரம் இல்லை என்று எழுதிய அவர் நியூகேட் சிறையிலேயே மாண்டார். ஆக, இச்சபையின் முதல் பிளவு அது பிறந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே நிகழ்ந்துவிட்டது.

இங்கு ஒரு செய்தியைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஸ்மித் நீரை ஊற்றிக்கொண்டாரேயன்றி நீரில் மூழ்கவில்லை என்பது வரலாற்றாசிரியர்களின் கருத்து. 'யாருக்கு' என்பதே அன்று கேள்வியாக இருந்தது. 'எவ்வாறு' என்ற கேள்வி 1640களில்தான் முன்னுக்கு வந்தது. 1644இல் இலண்டனைச் சேர்ந்த ஏழு சபைகள் வெளியிட்ட நம்பிக்கை அறிக்கை, உடல் முழுவதும் நீரில் அமிழ வேண்டும் என்று வரையறுத்தது. இந்த இரு கேள்விகளையும் பிரித்தறியாதவர்க்கு இவ்வரலாறு விளங்காது.

அதற்குள் மற்றொரு பிரிவும் தோன்றியிருந்தது. கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார் என்றவர்கள் ஜெனரல் பாப்டிஸ்டுகள். தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்காகவே மரித்தார் என்று, கால்வினின் வழியில் நின்றவர்கள் பர்ட்டிகுலர் பாப்டிஸ்டுகள். 18ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பிரிவினருள் சிலர், மீட்பு முன்குறிக்கப்பட்டது என்றால் எல்லாரையும் மனந்திரும்பும்படி அழைப்பது முறையாகாது என்று கூறும் அளவுக்குச் சென்றனர். ஆண்ட்ரூ ஃபுல்லர் 1785இல் வெளியிட்ட நூலில் இதை மறுத்தார். நற்செய்தியை ஏற்பது எல்லாருக்கும் உரிய கடமை. எனவே எல்லாருக்கும் அதை அறிவிக்க வேண்டும் என்பது அவர் வாதம். அந்த வாதத்தின் மேல்தான் 1792 அக்டோபர் 2ஆம் நாள் கெட்டரிங் நகரில் பாப்டிஸ்டு மிஷனரி சங்கம் எழுந்தது. அச்சங்கம் அனுப்பிய கேரி 1793இல் வங்காளம் வந்தார். அந்தக் கோட்பாட்டுப் பிணக்கு தீராதிருந்தால் செராம்பூர் அச்சகம் தோன்றியிருக்குமா என்பது ஐயமே.

மூன்றாவது பிணக்கு இராப்போசனப் பந்தியைப் பற்றியது. குழந்தைப் பருவத்தில் தெளிப்பு முறையில் ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் பாப்டிஸ்டு சபையின் பந்தியில் அமரலாமா? நீர்ச்சடங்கைப் பற்றிய கருத்து வேற்றுமை ஐக்கியத்துக்குத் தடையன்று என்று 1673இல் எழுதினார் ஜான் பனியன். வில்லியம் கிஃபின் அதை மறுத்தார். 1815இல் ராபர்ட் ஹால் பனியனின் பக்கம் நின்று எழுத, ஜோசப் கிங்ஹார்ன் மறுப்பு எழுதினார். பந்தியை மூடியே வைத்தவர்கள் 'ஸ்டிரிக்ட் பாப்டிஸ்டு' எனப்பட்டனர். 'ஸ்டிரிக்ட்' என்றதும் ஒழுக்கக் கண்டிப்பு என்றே நமக்குத் தோன்றும். உண்மையில் அது பந்தியின் வாயிலைக் குறிக்கும் சொல்.

இப்பிரிவினர் 1861இல் அமைத்த மிஷன் தமிழ்நாட்டில் பணியாற்றியது. கொல்லிமலையில் மலைவாழ் மக்களிடையே வாழ்ந்து 1929இல் அங்கேயே காய்ச்சலால் இறந்த ஜெஸ்ஸி பிராண்டு இம்மிஷனைச் சேர்ந்தவர். அவர் மகனே வேலூரில் தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்து புகழ்பெற்ற பால் பிராண்டு. இங்கிலாந்தில் பந்தி பற்றி எழுந்த வழக்கு, கொல்லிமலையின் வரலாற்றில் இவ்வாறு ஒரு பக்கமாயிற்று.

3. ஒரு வினைச்சொல்லால் பிளந்த சங்கங்கள்

இனி, சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'பாப்டைஸ்' என்பது மொழிபெயர்ப்பன்று. கிரேக்கச் சொல் இலத்தீன், பிரெஞ்சு வழியாக வந்த எழுத்துப்பெயர்ப்பு. எழுத்துப்பெயர்ப்பு பொருளை மறைத்துவிடும். நம் ஊர்ப்பெயரையே பாருங்கள். நிபோங் என்பது ஒரு பனைவகை. திபால் என்றால் தடித்தது, அடர்ந்தது. ஆயினும் 'நிபோங் திபால்' என்று தமிழில் எழுதிப் படிக்கும்போது நம்மில் எத்தனை பேருக்குப் பனைமரம் நினைவுக்கு வருகிறது? அவ்வாறே ஆங்கிலேயர்க்கும் 'பாப்டைஸ்' என்ற சொல்லில் நீரின் ஆழம் தெரியவில்லை. தெளிப்பவரும் ஊற்றுபவரும் அமிழ்த்துபவரும் ஒரே சொல்லின்கீழ்ச் சண்டையின்றி இருக்க அது இடமளித்தது. பழைய திருச்சபைச் சொற்களை மாற்ற வேண்டாம் என்பது 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பாளர்களுக்கு இடப்பட்ட விதிகளுள் ஒன்று.

ஆனால் புதிதாக ஒரு மொழியில் வேதாகமத்தைப் பெயர்ப்பவர்க்கு அந்த ஒதுங்கிடம் இல்லை. கேரியும் அவர்க்குப் பின் வந்த வில்லியம் யேட்ஸும் வங்காள மொழியில் அமிழ்த்துதலைக் குறிக்கும் சொல்லைக் கையாண்டனர். ஜட்சனும் பர்மிய மொழியில் அதையே செய்தார். 1834இல் அவர் முழு வேதாகமத்தையும் பெயர்த்து முடித்தார். இன்றும் பர்மிய மொழியில் பாப்டிஸ்டு சபைக்கு வழங்கும் பெயர் 'அமிழ்த்துதல்' என்ற சொல்லால் ஆனதே.

மொழிபெயர்ப்புக்குப் பொருளுதவி செய்து வந்தவை பல சபையாருக்கும் பொதுவான வேதாகமச் சங்கங்கள். பிற சபையார் ஏற்காத சொல்லை உடைய பதிப்புக்குப் பொதுப்பணத்தைத் தர இயலாது என்று 1830களில் பிரிட்டிஷ் வேதாகமச் சங்கம் வங்காளப் பதிப்பைக் கைவிட்டது. 1836 பிப்ரவரியில் அமெரிக்க வேதாகமச் சங்கமும், பொது ஆங்கில மொழிபெயர்ப்பின் நெறியோடு இசையும் பதிப்புகளுக்கே உதவுவோம் என்று தீர்மானித்தது. உண்மையான பொருளை மறைக்கும்படி கேட்பது நேர்மையன்று என்றனர் பாப்டிஸ்டுகள். அமெரிக்கப் பாப்டிஸ்டுகள் வெளியேறித் தனிச் சங்கம் கண்டனர். இங்கிலாந்துப் பாப்டிஸ்டுகள் 1840இல் வேதாகம மொழிபெயர்ப்புச் சங்கத்தை நிறுவினர்.

பூசல் அத்தோடு நிற்கவில்லை. பாப்டிஸ்டுகளுக்கு உள்ளேயே திரும்பியது. வங்காளிக்கும் பர்மியருக்கும் மறைக்கக்கூடாத பொருளை ஆங்கிலேயருக்கு மட்டும் மறைக்கலாமா என்று ஒரு சாரார் கேட்டனர். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பழகிய ஆங்கில வேதாகமத்தில் கை வைக்கப் பெரும்பாலான பாப்டிஸ்டுகளுக்கே மனம் ஒப்பவில்லை. 1836இல் பிரிந்து வந்தவர்களின் தனிச் சங்கமும் 1850இல் பிளந்தது. அதன் தலைவராயிருந்த ஸ்பென்சர் கோன் வெளியேறி அமெரிக்க வேதாகம யூனியனை அமைத்தார். 1860களில் அந்த யூனியன் வெளியிட்ட ஆங்கிலப் புதிய ஏற்பாட்டில் 'அமிழ்த்து' என்ற சொல்லே இடம்பெற்றது. பாப்டிஸ்டு மக்களுள்ளும் அது பரவவில்லை. கோட்பாட்டில் தமக்குச் சாதகமான சொல்லைவிட, காதுக்குப் பழகிய சொல்லையே அவர்கள் விரும்பினர். நம் மாணவியின் தாயாரை இவ்விடத்தில் நினைவிற்கொள்க.

4. தமிழ் தப்பிய விதம்

வங்காளத்தில் மூண்ட தீ தமிழ் வேதாகமத்தில் ஏன் பற்றவில்லை? தமிழில் அச்சொல் அதற்கு முன்பே நிலைபெற்றுவிட்டது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1714–15இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது பாப்டிஸ்டு மிஷன் என்ற ஒன்றே இல்லை. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் தமிழில் பல சொற்களில் வேறுபட்டனர். ஆயினும் 'ஞானஸ்நானம்' என்ற சொல்லை நெடுங்காலம் பொதுவாகவே வழங்கினர். பவர் ஐயரின் தலைமையில் பல மிஷன்களின் கூட்டு முயற்சியாக 1871இல் நிறைவேறிய ஒன்றிணைந்த மொழிபெயர்ப்பும் அதையே ஏற்றது. தமிழ்ப் புரட்டஸ்டண்டு மக்கள் இன்றும் பெரிதும் ஓதுவது அம்மொழிபெயர்ப்பே.

அண்டை மொழிகளோடு ஒப்பிட்டால் தமிழின் தேர்வு விளங்கும். தெலுங்கில் 'பாப்திஸ்மமு', இந்தியில் 'பப்திஸ்மா' என்பன எழுத்துப்பெயர்ப்புகள். மலையாளத்தில் சீர்திருத்தச் சபையார் 'ஸ்நானம்' என்பர். சிரியன் மரபினர் சிரியாக் மொழியிலிருந்து வந்த 'மாமோதீசா' என்பர். கன்னடத்தில் 'தீக்ஷாஸ்நான'. மலாய், இந்தோனேசியக் கத்தோலிக்கரின் பழைய வழக்கான 'பெர்மண்டியான்' நமக்கு எளிதில் புரியும்; 'மண்டி' என்றால் குளிப்பது என்பது இந்நாட்டுக் குழந்தைக்கும் தெரியும்.

இவற்றுள் தமிழ்ச்சொல் ஒரு நடுவழியைக் கண்டது. 'ஸ்நானம்' என்பது குளியல். எனவே நீரைத் தெளிப்பதோடு அது முழுமையாக ஒத்துப்போகாது. 'ஞான' என்ற அடைமொழியோ இது அழுக்குப் போக்கும் குளியல் அன்று என்று உணர்த்திவிடுகிறது. மேலும், இந்நாட்டுச் சமய வழக்கில் ஸ்நானம் நீரில் மூழ்குவதை மட்டுமே குறித்ததில்லை. தரும நூல்கள் பலவகை ஸ்நானங்களைக் கூறும். மந்திரத்தால் ஆவது உண்டு, மனத்தால் ஆவது உண்டு, திருநீற்றால் ஆவதும் உண்டு. ஒரு துளி நீரும் படாமல் 'நீராடிய' ஒருவரை ஏற்றுக்கொள்ளப் பழகிய மொழிச் சமூகத்துக்கு, மூழ்குபவரும் தெளிப்பவரும் ஒரே சொல்லில் அடங்குவது முரணாகத் தோன்றவில்லை.

5. சொல்லின் வேர் கோட்பாட்டைத் தீர்க்குமா?

ஜட்சன் கப்பலில் செய்த ஆராய்ச்சியின் அடிப்படை இது: சொல்லின் மூலப்பொருளைக் கண்டுவிட்டால் சடங்கின் முறையும் தெரிந்துவிடும். இது மொழியியலார் எச்சரிக்கையோடு அணுக வேண்டிய கருத்து. தமிழ்ச்சொற்கள் மூன்றை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, 'குளி'. இதன் பழம்பொருள் நீருக்குள் மூழ்குதல். தூத்துக்குடிக் கடலில் நிகழ்ந்த 'முத்துக்குளித்தல்' அப்பொருளை இன்றும் காக்கிறது. முத்துக் குளிப்பவர் உடல் கழுவச் செல்வதில்லை. ஆயினும் இன்று குழாயடியில் நின்று இரண்டு குவளை நீரை ஊற்றிக்கொண்டாலும் 'குளித்துவிட்டேன்' என்கிறோம்.

இரண்டாவது, 'தோய்'. சாயத்தில் துணியைத் தோய்க்கிறோம். பாலைத் தயிராகத் தோய்க்கிறோம். யாழ்ப்பாணத்தார் தலைக்கு நீராடுவதைத் 'தோய்தல்' என்பர். வியப்பு என்னவெனில், 'பாப்டிசோ' பிறந்த 'பாப்டோ' என்னும் கிரேக்கச் சொல்லும் அமிழ்த்துவதையும் சாயந்தோய்ப்பதையும் குறிக்கும்.

மூன்றாவது, 'முழுகு'. 'மூழ்கு' என்பது இதன் இணைவடிவம். ஐப்பசியில் மாயூரத்தில் நிகழும் கடைமுழுக்கில் மக்கள் காவிரியில் மூழ்கி எழுகின்றனர். ஆனால் கோயில் குடமுழுக்கில் எதுவும் எதிலும் மூழ்குவதில்லை. குடத்து நீரைக் கலசத்தின்மேல் ஊற்றுகின்றனர். உறவை அறுத்தவனைத் 'தலைமுழுகிவிட்டான்' என்கிறோம். அங்கே நீரே இல்லை.

கிரேக்கத்திலும் இதுவே நிலை. பாப்டிஸ்டுகள் தம் பக்கத்துக்கு யோர்தானில் ஏழுமுறை மூழ்கிய நாகமானைக் காட்டுவர். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அங்கே வருவது 'பாப்டிசோ'தான். ஞானஸ்நானத்தைக் கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்படுதலாக உரோமருக்கு எழுதிய பவுலையும் காட்டுவர். எதிர்த்தரப்பார் மாற்கு நற்செய்தியில் கிண்ணங்களையும் செம்புகளையும் கழுவுவதற்கு அதே சொற்குடும்பம் வருவதையும், லூக்கா நற்செய்தியில் உணவுக்கு முன் கழுவிக்கொள்வதற்கு அது வருவதையும் காட்டுவர். இரு தரப்புச் சான்றுகளும் மெய்யானவை.

சங்கங்கள் பிளந்து முடிந்த பின்னர், 1873இல் பண்டைய கிறிஸ்தவக் கையேடான 'திதாக்கே'யின் ஏடு கிடைத்தது, 1883இல் அச்சானது. ஓடும் நீரில் ஞானஸ்நானம் கொடுங்கள். அது இல்லையேல் வேறு நீரில். எதுவும் போதாவிடில் தலைமேல் மும்முறை ஊற்றுங்கள் என்பது அதன் நெறி. மூழ்குதல் முதன்மையானது என்பார்க்கும் அதில் ஆதரவு உண்டு. ஊற்றுதலும் செல்லும் என்பார்க்கும் உண்டு. கிரேக்க மொழியையே தாய்மொழியாகக் கொண்ட ஆர்த்தடாக்ஸ் சபையோ இன்றும் முழுக நனைக்கிறது. ஆனால் நனைப்பது குழந்தைகளை. 'எவ்வாறு' என்ற கேள்வியில் பாப்டிஸ்டுகளோடும், 'யாருக்கு' என்ற கேள்வியில் அவர்களுடைய எதிரிகளோடும் அது நிற்கிறது.

இதனால் ஜட்சனின் முடிவு தவறு என்று நான் கூறவில்லை. அது இறையியலார் ஆராய வேண்டியது. ஒரு சொல்லின் வேரை மட்டும் கொண்டு அதை நிலைநாட்டவும் முடியாது, தகர்க்கவும் முடியாது என்பதே நான் கூறுவது. பொருளைத் தருவது வழக்கு. வேர் அதன் பிறப்பிடத்தை மட்டுமே காட்டும்.

6. 'திருமுழுக்கு' வந்தபோது

20ஆம் நூற்றாண்டில் தனித்தமிழ் உணர்வு எங்கும் பரவியது. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் கத்தோலிக்க வழிபாடு மக்கள் மொழிகளுக்கு வந்தது. இவ்விரண்டின் விளைவாகத் தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் வடசொற்கள் பல விலகின. 'ஞானஸ்நானம்' போய்த் 'திருமுழுக்கு' வந்தது. கத்தோலிக்கரும் பிற சபை அறிஞரும் கூடி உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பான 'திருவிவிலியம்' 1995இல் வெளியானபோது அச்சொல்லையே ஏற்றது.

இதில் வரலாற்றின் விந்தை ஒன்று உண்டு. வங்காளத்திலும் பர்மாவிலும் 'மூழ்கு' என்ற பொருளுடைய சொல்லுக்காகப் பாப்டிஸ்டுகள் பணத்தையும் நட்பையும் இழந்தனர். தமிழில் அதே பொருளுடைய சொல்லை, குழந்தையின் நெற்றியில் நீரை ஊற்றும் சபை எந்தப் பூசலும் இன்றித் தானாக முன்வந்து ஏற்றது. மூழ்குதலை வற்புறுத்தும் பாப்டிஸ்டு, பெந்தெகொஸ்தே சபையாரோ 'ஞானஸ்நானம்' என்ற பழஞ்சொல்லைவிட்டு அசையவில்லை. ஜெர்மானியர்க்கும் இது நேர்ந்ததுண்டு. லூத்தர் கையாண்ட 'தௌஃபன்' என்னும் சொல் ஆழத்தைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. லூத்தரன் சபை நீரை ஊற்றிக்கொண்டே அச்சொல்லை வழங்கி வருகிறது.

அப்படியானால் தமிழ்ப் பாப்டிஸ்டுகளும் பெந்தெகொஸ்தேயினரும் தம் கோட்பாட்டை எவ்வாறு வெளிப்படுத்தினர்? எந்தச் சங்கத்தையும் பிளக்காமல், ஓர் அடைமொழியால். 'முழுக்கு ஞானஸ்நானம்' என்றும் 'தெளிப்பு ஞானஸ்நானம்' என்றும் பிரித்துக்கொண்டனர். பொதுப்பெயரை அப்படியே வைத்து, வேறுபாட்டை முன்னால் ஏற்றினர். 'ஞான' என்ற அடை முன்பு செய்த வேலையை இப்போது 'முழுக்கு' செய்கிறது. இதை எந்தக் குழுவும் கூடி வகுத்ததாகத் தெரியவில்லை, பேச்சுவழக்கின் படைப்பு. 1836இல் நியூயார்க்கில் கூடியிருந்த பெரியோர்க்குத் தோன்றாத தீர்வு இது.

எல்லாம் சுமுகம் என்றும் எண்ண வேண்டாம். குழந்தைப் பருவத்தில் தெளிப்பு பெற்ற ஒருவர் பின்னாளில் மூழ்கினால், பழைய சபையார் அதை 'மறுஞானஸ்நானம்' என்பர். மூழ்கியவர் அதை ஒப்பமாட்டார்; அதுவே தமது முதல் ஞானஸ்நானம் என்பார். 'மறு' என்ற ஒரு முன்னொட்டைச் சொல்வதா விடுவதா என்பதில் குடும்பங்கள் இரண்டுபட்டுள்ளன; திருமணப் பேச்சுகள் நின்றுள்ளன. ஒரு முன்னொட்டில் இத்தனை வலி இருக்குமானால், முழுச்சொல்லை அடித்து எழுதும் சிவப்பு மைக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

7. ஆசிரியைக்கு விடை

'திருமுழுக்கு' நல்ல தமிழ். அதை வழங்கும் சபையாரைப் பற்றி எழுதும்போது அதையே எழுத வேண்டும். கடன்சொல்லுக்குத் தமிழ்ச்சொல் காண்பதும் நற்பணியே. அதற்காகவே வாழ்நாளைச் செலவிட்டவர்களிடம் நான் படித்தேன். ஆயினும் அந்த மாணவி எழுதியது தன் வீட்டில், தன் அண்ணனுக்கு நடந்ததைப் பற்றி. அந்நிகழ்வுக்கு அவள் சமூகம் இட்ட பெயர் 'ஞானஸ்நானம்'. ஆசிரியை திருத்தியது ஒரு வடசொல்லை என்று அவர் நினைத்தார். தாயாரோ தம் சபையின் அடையாளம் அடிக்கப்பட்டதாக உணர்ந்தார். இருவர் சொன்னதிலும் உண்மை உண்டு.

எனவே என் பரிந்துரை எளியது. தன் அனுபவத்தை எழுதும் மாணவர், தம் சமூகம் வழங்கும் சொல்லை எழுதட்டும். ஆசிரியர் மற்றச் சொல்லை ஓரத்தில் குறித்து, இப்படியும் வழங்குவர் என்று கற்பிக்கலாம். பொதுக்கட்டுரையாயின் இரண்டையும் ஒருமுறை சுட்டிவிட்டு, ஒன்றைத் தொடர்ந்து கையாளலாம். சமயச் சொற்களைப் பொறுத்தவரை இது கிறிஸ்தவர்க்கு மட்டும் உரிய நெறியன்று. 'கும்பாபிஷேகம்' என்பதா, 'குடமுழுக்கு' என்பதா என்ற வினாவிலும் இதே பொறுமை வேண்டும்.

பாப்டிஸ்டுகளின் வரலாறு முழுவதும் ஒரு கேள்வி ஓடுகிறது: மனச்சான்றுக்கு உரியதை வேறொருவர் எழுதித் தரலாமா? ஹெல்விஸ் அரசனிடம் கேட்டது அதுவே. ஜட்சன் தம்மை அனுப்பிய சபையிடம் கேட்டதும் அதுவே. நிபோங் திபாலில் ஒரு தாயார் பள்ளி வாசலில் நின்று கேட்டதும், அடிப்படையில், அதுவே. அந்த ஆசிரியை பிறகு அக்கட்டுரையைத் திரும்ப வாங்கி, அடித்ததன் அருகில் மாணவியின் சொல்லை மீண்டும் எழுதிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். அவர் நல்ல ஆசிரியை.